ஆர்கானிலும் வந்த அம்மோனியா: நைட்ரஜன் மின்வேதி ஒடுக்கம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சிறிய கண்ணாடி மின்கலம். உள்ளே நீர்த்த அமிலம் அல்லது ஏதோ ஓர் உப்புக் கரைசல். எதிர்மின்முனையில் பூசிய ஒரு மில்லிகிராம் வினையூக்கி, இரு அறைகளுக்கும் நடுவே ஒரு சவ்வு, அடியிலிருந்து குமிழ் குமிழாக ஏறும் நைட்ரஜன். இரண்டு மணி நேரம் மின்சாரம் செலுத்திவிட்டுக் கரைசலில் கொஞ்சம் எடுத்து இண்டோஃபீனால் சோதனை செய்தால் வெளிர்நீலம் தெரிகிறது. அம்மோனியா இருக்கிறது என்று பொருள். 2010-களின் பிற்பாதியில் நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் ஏறக்குறைய இந்த நீலத்தை நம்பித்தான் வெளிவந்தன. தங்கம், ருத்தேனியம், பிஸ்மத், இரும்பு ஆக்சைடு, நைட்ரஜன் கலந்த கார்பன் என்று வினையூக்கிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

அம்மோனியா இருந்தது உண்மை. அது குமிழாக வந்த நைட்ரஜனிலிருந்து உருவானதா என்பதுதான் வழக்கு. அந்த வழக்கு எப்படி எழுந்தது, எப்படி ஒரு முடிவுக்கு வந்தது, அதில் தப்பிய ஒரே வழி எது, தப்பியும் அது ஏன் இன்னும் ஆலையாகவில்லை என்பதை இந்த ஆய்வு தொடர்கிறது.

பின்னணி

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் நேரடியாகச் சேர்த்து அம்மோனியா செய்யலாம் என்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-இல் மேசைமேல் செய்துகாட்டியதை கார்ல் போஷ் 1913-இல் ஓப்பாவில் ஆலையாக்கினார். இரும்பு வினையூக்கி, 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பம், நூறு வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம். இன்று உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 18 கோடி டன் அம்மோனியா இந்த முறையில் உருவாகிறது. அதில் சுமார் 70% உரத்துக்குப் போகிறது.

மின்வேதி அம்மோனியா பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் குற்றவாளிகளாக நிறுத்தித்தான் தொடங்கும். அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கருத்து. ஹாபர்-போஷ் முறையில் ஆற்றலை விழுங்குவதும் கரியமில வாயுவைக் கக்குவதும் பெரும்பாலும் ஹைட்ரஜன் தயாரிக்கும் பகுதி. இயற்கை எரிவாயுவையும் நிலக்கரியையும் உடைத்து ஹைட்ரஜன் எடுப்பதால்தான் ஒரு டன் அம்மோனியாவுக்குச் சராசரியாக 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. நீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுத்து, அதே பழைய இரும்பு வினையூக்கிக்கு ஊட்டினால் இந்தக் கணக்கு மாறிவிடும். ஆகவே நேரடி மின்வேதி முறையின் உண்மையான போட்டியாளர் எரிவாயு ஆலை அல்ல. மின்னாற்பகுப்பியோடு இணைந்த ஹாபர்-போஷ் ஆலை. இது கடைசியில் மறுபடி வரும்.

நீரில் ஏன் கடினம்

தாளில் எழுதிப் பார்த்தால் எளிது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறு, ஆறு புரோட்டான், ஆறு எலக்ட்ரான். கிடைப்பது இரண்டு அம்மோனியா. இதற்கான நியம மின்னழுத்தம் ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட சுமார் 0.06 வோல்ட். புரோட்டான்கள் தமக்குள் சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவாவதற்கான மின்னழுத்தம் 0 வோல்ட். வெப்ப இயக்கவியல் நைட்ரஜன் பக்கம் மயிரிழை சாய்ந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

வேகத்தில்தான் எல்லாம் தலைகீழாகிறது. நைட்ரஜனின் முப்பிணைப்பை அறுக்க மோலுக்கு 941 கிலோஜூல் வேண்டும். முதல் ஹைட்ரஜனை ஒட்டவைப்பதே பெரும்பாடு. அந்தப் படியைத் தள்ள மின்னழுத்தத்தை இன்னும் எதிர்த்திசையில் கொண்டுபோனால், ஹைட்ரஜன் வாயு அதைவிடப் பல மடங்கு வேகமாகக் கொப்பளிக்கிறது. போதாததற்கு, 25 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் நீரில் கரையும் நைட்ரஜன் வெறும் 0.65 மில்லிமோல். நீரோ லிட்டருக்கு 55 மோல். ஒரு நைட்ரஜன் மூலக்கூறைச் சுற்றி எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் நின்று கொண்டு எலக்ட்ரானுக்குக் கைநீட்டுகின்றன.

நுண்ணுயிர்களின் நைட்ரஜனேஸ் நொதிகூட இந்தப் போட்டியில் முழுதாக வெல்வதில்லை. அது ஒரு நைட்ரஜனுக்கு எட்டு எலக்ட்ரான் செலவிட்டு, அதில் இரண்டைக் குறைந்தது ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறாக இழக்கிறது. கூடவே உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு பதினாறும் செலவு. மின்வேதியியலாரின் மொழியில் சொன்னால் அதன் உச்ச ஃபாரடே திறன், அதாவது செலவான எலக்ட்ரான்களில் அம்மோனியாவுக்குப் போன பங்கு, 75%.

ஒரு மைக்ரோமோலுக்கும் குறைவு

வழக்கின் மையம் அளவில் இருக்கிறது. நீர்க்கரைசல் கட்டுரைகள் பலவும் அறிவித்த வேகம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விநாடிக்கு 0.1 நானோமோல் அல்லது அதை ஒட்டிய அளவு. ஒரு சதுர சென்டிமீட்டர் மின்முனையை இரண்டு மணி நேரம் ஓட்டினால் என்ன கிடைக்கும்? 0.72 மைக்ரோமோல். எடையில் 12 மைக்ரோகிராம். 30 மில்லிலிட்டர் கரைசலில் அது லிட்டருக்கு 0.4 மில்லிகிராம். இதற்கான மின்னோட்டம் 29 மைக்ரோ ஆம்பியர்.

இந்த 0.72 மைக்ரோமோலை மனதில் வைத்துக்கொண்டு ஆய்வகத்தைச் சுற்றிப் பாருங்கள்.

முதலில் சவ்வு. இரு அறைகளுக்கும் நடுவே பெரும்பாலும் இருப்பது நாஃபியான் 117. அதன் சல்ஃபோனிக் அமிலக் குழுக்கள் அம்மோனியம் அயனியை ஆசையோடு பிடித்துவைக்கும். பிறகு கரைசலின் அயனிகள் மாறும்போது விட்டுவிடும். நான்கு சதுர சென்டிமீட்டர் சவ்வின் எடை சுமார் 0.15 கிராம், அதில் அயனியைப் பிடிக்கும் இடங்கள் ஏறத்தாழ 130 மைக்ரோமோல். அவற்றில் 0.6 விழுக்காட்டில் முந்தைய சோதனையின் அம்மோனியம் ஒட்டியிருந்தாலே நம் முழு 'கண்டுபிடிப்பும்' அதில் அடங்கிவிடும்.

அடுத்து வினையூக்கி. 0.72 மைக்ரோமோல் நைட்ரஜன் அணுக்களின் எடை 10 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராம் வினையூக்கியில் ஒரு விழுக்காடு நைட்ரஜன் இருந்தால் போதும். பல உலோகப் பொடிகள் நைட்ரேட் உப்பிலிருந்துதான் தயாராகின்றன என்பதை நினைத்தால் இது அதிசயமில்லை. நைட்ரஜன் கலந்த கார்பனின் கதை இன்னும் மோசம். அதில் 5 விழுக்காடு நைட்ரஜன் சர்வசாதாரணம். அளந்ததாகச் சொல்லும் அம்மோனியாவைப்போல ஐந்து மடங்கு நைட்ரஜன் வினையூக்கிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

சிலிண்டர் நைட்ரஜனில் சுவடாக இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் தனி வகை. நைட்ரேட்டும் நைட்ரிக் ஆக்சைடும் எதிர்மின்முனையில் அம்மோனியாவாக மாறுவது, முப்பிணைப்பு நைட்ரஜன் மாறுவதோடு ஒப்பிட்டால் குழந்தை விளையாட்டு. மணிக்கணக்கில் குமிழ் விடும்போது சுவடு சேர்ந்து தொகையாகிறது. லித்தியம் உப்புகளில் நைட்ரேட், ரப்பர் கையுறை, ஆய்வகக் காற்று, பக்கத்து மேசையில் திறந்திருக்கும் அம்மோனியா புட்டி, சோதனை செய்பவரின் மூச்சு என்று மற்றவையும் வரிசையில் நிற்கின்றன.

ஆர்கான் சோதனை எங்கே கைவிட்டது

இதெல்லாம் யாருக்கும் தெரியாததல்ல. அதனால்தான் பெரும்பாலான கட்டுரைகளில் ஆர்கான் சோதனை இருந்தது: நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானைக் குமிழ்விட்டு, அப்போது அம்மோனியா வரவில்லை என்றால் நைட்ரஜன்தான் மூலம் என்ற முடிவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஓட்டை இரண்டு. நைட்ரஜன் சிலிண்டரோடு வந்த ஆக்சைடு மாசு ஆர்கான் சிலிண்டரில் வராது. ஆகவே மாசிலிருந்து பிறந்த அம்மோனியாவும் ஆர்கானில் மறைந்து, நைட்ரஜனிலிருந்து பிறந்ததுபோல நாடகமாடும். இரண்டாவது, வரிசை. முதலில் நைட்ரஜனில் ஓட்டிவிட்டு அதே மின்முனையை ஆர்கானில் ஓட்டினால், வினையூக்கிக்குள் இருந்த நைட்ரேட் ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும். ஆர்கானில் பூச்சியம் வருவது அப்போது எதையும் நிரூபிக்காது. புதிய மின்முனையோடு ஆர்கானை முதலில் ஓட்டிப் பார்த்தவர்கள் சிலருக்கு அங்கேயும் நீலம் தெரிந்திருக்கிறது. அதைப் 'பின்னணி' என்று பெயரிட்டுக் கழித்துவிடும் வழக்கமும் இருந்தது. கழிக்கும் எண்ணும் கழிபடும் எண்ணும் ஒரே அளவில் இருக்கும்போது மிச்சத்துக்கு என்ன மதிப்பு?

மிச்சமிருந்த வலுவான சோதனை ஐசோடோப்பு. சாதாரண நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமான நைட்ரஜன்-15 வாயுவைச் செலுத்தி, அம்மோனியத்தில் நைட்ரஜன்-15 இருக்கிறதா என்று காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் பார்ப்பது. சாதாரண அம்மோனியம் மூன்று கூம்புகளாகத் தெரியும், 52 ஹெர்ட்ஸ் இடைவெளியில். நைட்ரஜன்-15 அம்மோனியம் 73 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டே கூம்புகள். கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். அழகான சோதனை.

ஆனால் நைட்ரஜன்-15 வாயுவே தூய்மையாக இல்லாவிட்டால்? கடல் நுண்ணுயிர்களின் நைட்ரஜன் நிலைப்படுத்தலை அளப்பவர்கள் 2014-லேயே இதைக் கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள்: விற்பனையிலுள்ள சில நைட்ரஜன்-15 வாயுக்களில் நைட்ரஜன்-15 அம்மோனியாவும் நைட்ரேட்டும் கலந்திருந்தன. நம் கணக்குக்கு வந்தால், ஒரு லிட்டர் வாயுவில் பத்து லட்சத்தில் இருபது பங்கு அம்மோனியா இருந்தாலே 0.8 மைக்ரோமோல். இரு கூம்புகள் அழகாகத் தெரியும். பொருள் மட்டும் வேறு. கடலியல்காரர்களின் கட்டுரையை மின்வேதியியலார் கவனிக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. துறைகளுக்கு இடையேயான சுவர் எவ்வளவு தடிமன் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

2019

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இப் கோர்கென்டார்ஃப் குழு, ஸ்டான்ஃபோர்ட், லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களோடு சேர்ந்து 2019-இல் நேச்சர் இதழில் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. சாரம் இதுதான்: வாயுவை மின்கலத்துக்குள் விடுமுன் அம்மோனியாவும் ஆக்சைடுகளும் போகச் சுத்திகரி. மின்சாரம் இல்லாமல் நைட்ரஜன், மின்சாரத்தோடு ஆர்கான், மின்சாரத்தோடு நைட்ரஜன், கடைசியாகச் சுத்திகரித்த நைட்ரஜன்-15 என ஒவ்வொன்றையும் ஓட்டு. மிக முக்கியமாக, நைட்ரஜன்-15 அம்மோனியாவின் அளவு சாதாரண நைட்ரஜனில் கிடைத்த அளவோடு எண்ணிக்கையில் பொருந்த வேண்டும். நைட்ரஜன்-15 வாயு விலை அதிகம் என்பதால் அதையே மூடிய சுற்றில் திரும்பத் திரும்ப ஓட்டும் மலிவான அமைப்பையும் அவர்கள் விவரித்தார்கள். இந்தச் சிறு கருவிக் குறிப்புதான் நெறிமுறையைப் பிறர் பின்பற்றக்கூடியதாக்கியது.

நீர்க்கரைசலில் மிகவும் நம்பிக்கையளிப்பவை என்று கருதப்பட்ட தூய உலோக வினையூக்கிகளில் அம்மோனியா உருவாவதை இந்த நெறிமுறையில் அவர்களால் காண முடியவில்லை. டெட்ராஹைட்ரோஃபியூரான் கரைப்பானில் லித்தியத்தைப் படியவைக்கும் பழைய முறை மட்டும் எல்லாச் சோதனைகளையும் தாண்டியது.

அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழுவும் பொய் நேர்முடிவுகளைக் கண்டறிவது பற்றி விரிவாக எழுதியது. விற்பனைக்கு வரும் இரும்பு ஆக்சைடு உள்ளிட்ட பொடிகளில் நைட்ரஜன் சேர்மங்கள் ஒளிந்திருப்பதாக 2020-லேயே இன்னோர் ஆய்வும் காட்டியது. உருகிய ஹைட்ராக்சைடில் நானோ இரும்பு ஆக்சைடைக் கலந்து, நீராவியிலிருந்தும் நைட்ரஜனிலிருந்தும் அம்மோனியா எடுத்ததாக 2014-இல் சயன்ஸ் இதழில் வந்து பெரும் வரவேற்புப் பெற்ற ஆய்வு 2020-இல் திரும்பப் பெறப்பட்டது. இதில் யாரும் மோசடி செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அளவிடும் கருவி சரியாகத்தான் அளந்தது. அளந்தது எதை என்பதில்தான் பிழை.

தப்பிய வழி

லித்தியம் முறை புதிதல்ல. பாசலில் ஃபிக்டர் குழு 1930-லேயே லித்தியத்தை இடையில் வைத்து, அழுத்திய நைட்ரஜனை மின்னாற்பகுப்பால் நிலைப்படுத்திக் காட்டியது. பிறகு அறுபது ஆண்டுகள் ஏறக்குறைய அமைதி. 1993, 1994 ஆண்டுகளில் ஜப்பானில் சுனெட்டோ, குடோ, சகாட்டா மூவரும் டெட்ராஹைட்ரோஃபியூரானில் லித்தியம் பெர்குளோரேட்டும் கொஞ்சம் எத்தனாலும் சேர்த்து, 50 வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 50% ஃபாரடே திறன் வரை காட்டினார்கள். அப்போதும் பெரிய சலசலப்பு இல்லை.

வேலை நடக்கும் விதம் இது. லித்தியம் அயனி எதிர்மின்முனையில் எலக்ட்ரான் பெற்று உலோகமாகப் படிகிறது. கார உலோகங்களில் அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜனோடு வினைபுரிவது லித்தியம் ஒன்றுதான். முப்பிணைப்பு அறுந்து லித்தியம் நைட்ரைடு ஆகிறது. எத்தனால் புரோட்டானைக் கொடுக்க, நைட்ரைடிலிருந்து அம்மோனியா பிரிகிறது. லித்தியம் அயனியாகிக் கரைசலுக்குத் திரும்புகிறது. மின்சாரம் செய்யும் வேலை லித்தியத்தை மீட்டெடுப்பது. முப்பிணைப்பை உடைப்பது லித்தியத்தின் வேலை.

ஹைட்ரஜன் இங்கே ஏன் எல்லாவற்றையும் விழுங்கவில்லை? நீர் இல்லை. புரோட்டான் சிக்கனமாகவே கிடைக்கிறது. அதோடு, லித்தியத்தின் மேல் கரைப்பானும் உப்பும் சிதைந்து உருவாகும் ஒரு மெல்லிய படலம், லித்தியம் பேட்டரிகளில் இருப்பதைப் போன்றதுதான், எது எவ்வளவு உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. 2019-க்குப் பிந்தைய முன்னேற்றங்களில் பெரும்பகுதி இந்தப் படலத்தோடு நடத்திய பேரம்தான்.

2021-இல் மோனாஷ் குழு எத்தனாலுக்குப் பதில் பாஸ்போனியம் உப்பைப் புரோட்டான் கடத்தியாக வைத்து 69% திறன், விநாடிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 53 நானோமோல் என்று அறிவித்தது. நீர்க்கரைசல் கட்டுரைகளின் 0.1 நானோமோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்நூறு மடங்கு. இந்த அளவுக்கு வந்த பிறகு சவ்வில் ஒட்டியதா, மூச்சிலிருந்து வந்ததா என்ற கேள்வி தானாக உதிர்ந்துவிடுகிறது. அதே ஆண்டு டென்மார்க் குழு வாயுவில் 0.8% ஆக்சிஜனைக் கலந்தால் திறன் 78% வரை ஏறுவதைக் கண்டது. ஹாபர்-போஷ் இரும்புக்கு ஆக்சிஜன் நஞ்சு. இங்கே அது படலத்தைச் சீராக்கி லித்தியம் வீணாவதைக் குறைக்கிறது. எதிர்பார்த்துச் செய்திருக்கக்கூடிய சோதனை அல்ல இது. 2022-இல் மோனாஷ் குழு, வேறொரு லித்தியம் உப்பை அடர்த்தியாகக் கரைத்து, 15 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 100% திறனை எட்டியது.

இந்தச் சாதனைகளின் நிழலில் இன்னொரு சிக்கல் இருந்தது. எதிர்மின்முனையில் நடப்பதையே எல்லோரும் பார்த்துக் கொண்டிருக்க, பல மின்கலங்களின் நேர்மின்முனையில் கரைப்பானே ஆக்சிஜனேற்றமடைந்து அழிந்துகொண்டிருந்தது. ஒரு கிலோ அம்மோனியாவுக்கு அதைவிட அதிக எடையில் விலையுயர்ந்த கரைப்பானை எரிக்கும் முறையை ஆலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீர்வு, நேர்மின்முனைக்கு ஹைட்ரஜன் வாயுவைக் கொடுத்து அதை ஆக்சிஜனேற்றுவது. 2020-இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கார்த்திஷ் மந்திரம் குழு எஃகுத் துணியால் ஆன வாயு விரவல் மின்முனையில் (வாயுவும் கரைசலும் சந்திக்கும் துளையுள்ள மின்முனை) இதற்கு வழி காட்டியது. 2023-இல் டென்மார்க் குழு பிளாட்டினம்-தங்கக் கலவை நேர்மின்முனையோடு 25 சதுர சென்டிமீட்டர் தொடரோட்ட மின்கலத்தை, சாதாரண அழுத்தத்தில் ஓட்டி 61% ஃபாரடே திறன் பெற்றது. ஆற்றல் திறன் 13%.

மின் கணக்கு

61 என்பதும் 13 என்பதும் ஒரே மின்கலத்தின் எண்கள். வாசகர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இதுதான். ஃபாரடே திறன் எலக்ட்ரான்கள் எங்கே போயின என்று சொல்கிறது. அவற்றைத் தள்ள எவ்வளவு மின்னழுத்தம் ஆனது என்று சொல்வதில்லை.

ஒரு கிலோ அம்மோனியாவுக்கு, ஓர் எலக்ட்ரான்கூட வீணாகாவிட்டாலும், 4,720 ஆம்பியர் மணி வேண்டும். மின்கல மின்னழுத்தம் 1 வோல்ட் என்றால் 4.7 கிலோவாட் மணி. நீரையும் நைட்ரஜனையும் கொண்டு செய்யும் இலட்சிய மின்கலத்துக்கு 1.17 வோல்ட் போதும், 5.5 கிலோவாட் மணி. லித்தியத்தின் நியம மின்னழுத்தமோ −3.04 வோல்ட். ஹைட்ரஜன் நேர்மின்முனையோடு இணைத்தால், தடை இழப்பு எதுவுமில்லாத கற்பனை மின்கலத்திலும் 14 கிலோவாட் மணியைத் தாண்டும். அந்த ஹைட்ரஜனை நீரிலிருந்து எடுக்க இன்னொரு 9. ஆக 23. அதே 9 கிலோவாட் மணி ஹைட்ரஜனை ஹாபர்-போஷ் கோபுரத்துக்கு அனுப்பினால், அழுத்தவும் நைட்ரஜன் பிரிக்கவும் சேர்த்து மொத்தம் சுமார் 10-இல் வேலை முடிந்துவிடுகிறது.

வினையூக்கியை மெருகேற்றி இந்த இடைவெளியை அடைக்க முடியாது. லித்தியத்தை உலோகமாக்கும் விலை அது. லித்தியத்துக்குப் பதில் கால்சியம் வேலை செய்கிறது. 2023-இல் 40% திறன் பதிவானது. கால்சியம் ஏராளமாகக் கிடைக்கும் தனிமம் என்பது உண்மை, ஆனால் அதன் மின்னழுத்தம் −2.87 வோல்ட்; மின்கட்டணத்தில் மிச்சமாவது சொற்பம்.

நேரக் கணக்கும் உண்டு. டெட்ராஹைட்ரோஃபியூரான் வளையம் திறந்து பாலிமராகிக் கெட்டியாவதால் நீண்ட ஓட்டங்கள் தடைபட்டன. 2024-இல் டென்மார்க் குழு வளையமில்லாத நீள்சங்கிலி ஈதருக்கு மாறி 300 மணி நேரம் தொடர்ந்து ஓட்டியது. 64% திறன், உருவான அம்மோனியாவில் ஏறத்தாழ 98% கரைசலில் தங்காமல் வாயுவாகவே வெளியேறியது. அதாவது பிரித்தெடுக்கும் செலவும் குறைகிறது. இத்துறையில் யாரும் எதிர்பார்த்ததைவிட நல்ல எண் அது. முந்நூறு மணி நேரம் என்றால் பன்னிரண்டரை நாள். ஹாபர்-போஷ் கோபுரத்தில் ஒருமுறை நிரப்பிய இரும்பு பத்து ஆண்டுக்கு மேல் ஓடுகிறது.